எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே

பதினெட்டு வயதில் கழற்றிக் கொடுத்த பூட்ஸை
இருபத்து மூன்றில் திருப்பித் தந்தார்கள்,
உருளைக்கிழங்குச் சாக்கில், ஒரு துண்டுக் காகிதத்தோடு:
மல்காஸ்.
ஐந்து வருடமாக யாரும் கூப்பிடாத பெயர்.
இடது பூட்ஸுக்குக் கயிறு இல்லை.
நடுவில் யாரோ போட்டு நடந்திருக்கிறார்கள்.
குதிகால் எனக்குப் பழக்கமில்லாத பக்கமாகத் தேய்ந்திருந்தது.

மடத்தலைவர் வாசல்வரை வந்தார்.
திட்டவில்லை. திட்டியிருந்தால்
மலை இறங்க ஒரு பிடிமானம் கிடைத்திருக்கும்.
"கீழே பனி இறுகியிருக்கும், பார்த்துப் போ."
அவ்வளவுதான்.
ராச்சாச் சரிவில் அன்று முழுக்க
கடவுளை நினைக்கவில்லை, கட்டைவிரலை நினைத்தேன்.
நின்றே தொழுத பாதம்
ஒரு விரற்கடை அகன்றுவிட்டிருந்தது.

ஏன் வந்துவிட்டாய் என்றாள் அக்கா.
பெயர்களால், என்றேன்.
அவள் சூப்பை இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

இரவு இரண்டு மணிக்குச் சீட்டு வாசிப்பது என் முறை.
ஊர் ஊராக எழுதி அனுப்புவார்கள்;
உயிரோடிருப்பவர் ஒரு கட்டு, இறந்தவர் ஒரு கட்டு.
பெயரைச் சொல்ல வேண்டும், இரங்கியருளும் என்று சொல்ல வேண்டும்,
அடுத்த சீட்டை எடுக்க வேண்டும்.
நான் எடுக்காமல் நிற்கத் தொடங்கினேன்.
உஷாங்கி. கடனை அடைத்துவிட்டானா?
குலிசா. இந்தக் கோணல் எழுத்து அவளுடையதா,
அவளுக்காக வேண்டுகிறவனுடையதா?
ஸெய்னாப் என்று ஒருத்தி, உயிரோடிருப்பவர் கட்டில்.
மறுவாரம் அதே கையெழுத்தில்
அடுத்த கட்டுக்குப் போயிருந்தாள்.
அந்த இரண்டு சீட்டுக்கும் இடையிலிருந்த ஏழு நாளும்
எனக்கு வேண்டியிருந்தது.
யார் பக்கத்தில் இருந்தார்கள், யார் கோபித்துக்கொண்டு வரவில்லை,
ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்களா.

இரக்கம் கேட்க நிறுத்திவைத்தவன்
விவரம் கேட்டுக்கொண்டு நின்றேன்.
பாவமா என்று விசாரித்தேன்.
இல்லை, கவனச்சிதறல் என்றார்கள்.
சரியாகத்தான் சொன்னார்கள்.
சிதறியதன் பின்னாலேயே இறங்கி வந்துவிட்டேன்.

திபிலீசியில் முதல் குளிர்காலம் மூட்டை சுமந்தேன்.
பேக்கரியில் நான்கு நாள்.
தாடியை எடுத்தபோது கண்ணாடியில்
மேல்பாதி வெயிலில் கறுத்தவன்,
கீழ்பாதி இப்போதுதான் பிறந்தவன்.

பிறகு க்ல்தானி. பதினாறு மாடி.
காசு போட்டால் ஏறும் லிஃப்ட்;
ஏற இருபது தெத்ரி, இறங்க இலவசம்.
(பாவ புண்ணியத்துக்கும் இதே கட்டணம்தான் என்று
ஒவ்வொரு விருந்திலும் சொல்லிச் சிரிப்பான்
அக்காவின் புருஷன்.)
மெழுகு சுரண்டிய கை இப்போது கிரீஸ் சுரண்டுகிறது.
நகக்கண்ணில் இரண்டும்
ஒரே மாதிரிதான் தங்குகின்றன.

நேற்று மின்சாரம் போய்
எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே மாட்டிக்கொண்டாள் நாசிப்ரோலா.
கும்மிருட்டு. பை நிறைய வெங்காயம்.
உச்சியில், எந்திர அறையில்,
கைச்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தேன் நான்.
கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் அவள் குரல்:
சங்கீதம் சொல்கிறாள்.
மூன்றாம் அடியில் மறந்துபோய் முதலிலிருந்து வருகிறாள்,
மறுபடி மூன்றாம் அடியில் நின்றுவிடுகிறாள்,
அந்தப் பெட்டியைப் போலவே.

நான்காம் அடி எனக்குத் தெரியும்.
பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது.
விழுங்கிவிட்டு, துவாரத்தில் குனிந்து கத்தினேன்:
"வெங்காயம் என்ன விலை?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
அப்புறம் விலை வந்தது, விற்றவன் கல்லை மாற்றிப் போட்டது வந்தது,
போலந்திலிருந்து இன்று வரும் மகன்,
அவனோடு வரப்போகிற, இன்னும் பார்த்திராத மருமகள்,
அவளுக்கு வெங்காயம் ஆகுமோ ஆகாதோ.
ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு விரற்கடை.
மருமகளின் ஊர்ப்பெயரை அவள் தப்பாகச் சொல்லும்போது
ஒன்பதாம் மாடி வந்துவிட்டது.

ஏழு மாடி ஓடி இறங்கிக் கதவைப் பிரித்தேன்.
பையை எடுத்துக் கொடுத்தேன்.
"உன் பெயர் என்னப்பா?
ஞாயிற்றுக்கிழமை சீட்டில் எழுதிப் போடுகிறேன்."

சொன்னேன்.
"உயிரோடிருப்பவர் கட்டில்தானே?" என்றும் கேட்டேன்.

பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு
படியில் உருண்ட வெங்காயத்தைத்
தேடப் போய்விட்டாள்.